குரூப்பிங் விரிந்துபோன ஏர் ரைஃபிள்: பெல்லட்டா, ரிப்பேரா, ஸ்கோப்பா, புது ரைஃபிளா?

பத்து மீட்டரில் ஒரு ரூபாய்க் காசுக்குள் ஐந்து பெல்லட்டையும் (ஏர் ரைஃபிளின் சின்னக் குண்டு) போட்டுக்கொண்டிருந்த ரைஃபிள், திடீரென்று டீ கிளாஸின் வாய் அகலத்துக்கு இறைக்க ஆரம்பித்தால் ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். கடைக்காரர் ஸ்கோப் போடச் சொல்வார். ரேஞ்சில் பக்கத்து லேனில் நிற்பவர் வெளிநாட்டு பெல்லட் வாங்கச் சொல்வார். யூடியூபில் ஒருவர் ஸ்பிரிங்கைக் கழற்றி மேசைமேல் பரப்பி வைத்திருப்பார். நம் மனசோ, இதையே சாக்காக வைத்து ஒரு பிசிபி (அழுத்தக் காற்றை முன்கூட்டியே சிலிண்டரில் நிரப்பிச் சுடும் ரைஃபிள்) வாங்கிவிடலாமா என்று கணக்குப் போடும்.

நான்குமே சரியான பதிலாக இருக்கும் சந்தர்ப்பங்கள் உண்டு. உங்களுக்கு எது என்பதைப் பெரும்பாலும் டார்கெட் கார்டே சொல்லிவிடும். அதைப் பார்க்காமல் கடைக்குப் போவதில்தான் பணம் வீணாகிறது. இங்கே பேசப்போவது நம் ஊரில் அதிகம் புழங்கும் ரகம்: 4.5 மி.மீ. விட்டம், பேரலை (குழலை) மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ரைஃபிள். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மி.மீ. விட்டத்தையும் 20 ஜூல் சக்தியையும் தாண்டாத வரை இதற்கு உரிமம் தேவையில்லை. அந்த 20 ஜூல் விஷயம் பின்னால் மறுபடியும் வரும்.

கார்டைப் படிப்பது

குரூப், அதாவது ஷாட்கள் விழுந்த ஓட்டைகளின் கூட்டம், இடம் மாறுவது வேறு, விரிவது வேறு. ஐந்து ஓட்டையும் ஒட்டி ஒட்டி விழுந்து, மொத்தமாக இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி நின்றால் ரைஃபிளுக்கு ஒன்றுமில்லை. சைட் (குறிபார்க்கும் அமைப்பு) நகர்ந்திருக்கிறது, திருகிச் சரிசெய்தால் முடிந்தது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதிச்சுற்றுக்கு முன் அபினவ் பிந்த்ரா போட்ட பயிற்சி ஷாட் நான்காம் வளையத்துக்குப் போனது. சைட் கலைந்திருந்தது என்று பிறகு அவரே சொன்னார். மிச்சமிருந்த பயிற்சி ஷாட்களிலேயே சைட்டைத் திரும்பக் கொண்டுவந்து, கடைசி ஷாட்டில் 10.8 போட்டு தங்கம் வாங்கினார். ஒரே ஒரு ஷாட் தள்ளிப் போனதும் துப்பாக்கியையே சந்தேகப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

நம் பிரச்சினை விரிவது. அதைச் சோதிக்க நின்றுகொண்டு சுடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் ஒரு தலையணையோ மணல் பையோ வைத்து, அதன்மேல் இடது கையைத் திறந்து வைத்து, அந்தக் கையின்மேல் ரைஃபிளை வைத்துச் சுடுங்கள். ஒரு கார்டுக்கு ஐந்து ஷாட், ஆறேழு கார்டு. ஒற்றைக் கார்டை வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது; ஐந்து ஷாட் அதிர்ஷ்டத்தில்கூட அழகாக விழும்.

கார்டுகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். நான்கு பெல்லட் ஒட்டி விழுந்து ஐந்தாவது மட்டும் அடிக்கடி ஓடிப்போனால் முதல் சந்தேகம் பெல்லட். இரண்டு தனித்தனிக் கூட்டமாக, மூன்று இங்கே இரண்டு அங்கே என்று விழுந்தால் எங்கோ ஏதோ ஆடுகிறது: ஸ்டாக் (ரைஃபிளின் மரப் பகுதி) ஸ்குரூ, ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் மவுன்ட், பேரல் பூட்டும் இடம், இவற்றில் ஒன்று. எந்த ஒழுங்கும் இல்லாமல் நாலாபக்கமும் சிதறினால் பெல்லட் பேரலுக்குப் பொருந்தவில்லை, அல்லது பேரல் வாய் அடிபட்டிருக்கிறது.

மேலும் கீழுமாகக் கோடு போட்டால் உடனே "பவர் குறைந்துவிட்டது" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போகும் பெல்லட் பத்து மீட்டரைக் கடக்க 0.06 விநாடிதான் ஆகிறது. அதற்குள் அது கீழே இறங்குவது சுமார் 17 மி.மீ. வேகம் 5 சதவீதம் குறைந்தாலும் கூடுதலாக இறங்குவது 2 மி.மீ.கூட இல்லை. ஆகவே பத்து மீட்டர் கார்டில் கோடு 15 மி.மீ. நீளம் என்றால் அதற்கு வேகத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது, பிடியையும் மூச்சையும் பாருங்கள். 25 மீட்டரில் கதை வேறு. அதே 5 சதவீதம் அங்கே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை உண்டு, அதைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். உங்களைவிட நன்றாகச் சுடுகிற ஒருவரிடம் உங்கள் ரைஃபிளைக் கொடுங்கள், கிளப் ரைஃபிளை நீங்கள் வாங்கிச் சுடுங்கள். அவர் கையிலும் அது இறைத்தால் ரைஃபிளில் கோளாறு. அவருக்கு ஒட்டி விழுந்து உங்களுக்கு மட்டும் விரிந்தால், நல்ல சேதி: செலவு மிச்சம்.

செலவில்லாத வழி

ஸ்பிரிங் ரைஃபிளின் உள்ளே ட்ரிகர் விட்டதும் ஒரு கனமான பிஸ்டன் முன்னால் பாய்கிறது. ரைஃபிள் முதலில் பின்னால் உதைக்கும், பிஸ்டன் முனைக்குப் போய் நிற்கும்போது முன்னால் இழுக்கும். இது நடக்கிறபோது பெல்லட் இன்னும் பேரலுக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் நீங்கள் ஒருமுறை இறுக்கியும் அடுத்த முறை தளர்த்தியும் பிடித்தால் பெல்லட் அந்த வித்தியாசத்தைக் கார்டில் எழுதிவிடும். இறுக்கிப் பிடித்தால் ரைஃபிள் அசையாது என்று நினைப்பது இயல்பு. இந்த ரகத்துக்கு அது பொருந்தாது. உள்ளங்கையில் சும்மா கிடக்கட்டும், விரல்கள் சுற்றிப் பிடிக்க வேண்டாம், தோளில் லேசாகத் தொட்டால் போதும். கை ஸ்டாக்கில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் அதே இடம். செங்கல்மேலோ மர மேசை விளிம்பிலோ நேரடியாக வைத்துச் சுட்டால் எந்த ஸ்பிரிங் ரைஃபிளும் துள்ளி விலகும்.

அப்புறம் ஸ்குரூ. முன்பக்கம் ஸ்டாக்கின் இரு பக்கமும் இருக்கிற இரண்டு, ட்ரிகரைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தில் இருக்கிறவை. இந்த உதைக்கு இவை தளராமல் இருந்தால்தான் ஆச்சரியம். பொருத்தமான ஸ்குரூடிரைவர் எடுத்து, மரம் நசுங்காத அளவுக்கு இறுக்குங்கள். அடிக்கடி தளர்ந்தால் நீல லோக்டைட் (ஸ்குரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு துளி. பிறகு ரைஃபிளின் உடலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பேரலை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் மடங்குகிற இடத்துப் போல்ட்டைக் கவனிக்க வேண்டும். பேரல் ஒவ்வொரு முறையும் வேறு கோணத்தில் பூட்டிக்கொண்டால் உலகத்திலேயே நல்ல பெல்லட் போட்டும் பயனில்லை.

இந்த இரண்டையும் செய்யாமல் கீழே வரும் எதற்கும் காசு எடுக்காதீர்கள்.

பெல்லட்: முதல் செலவு இதற்குத்தான்

பெல்லட் விஷயத்தில் "எது நல்லது" என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. "இந்தப் பேரலுக்கு எது நல்லது" என்றுதான் கேட்க முடியும். 4.5 மி.மீ. என்று டப்பாவில் போட்டிருந்தாலும் தலையின் விட்டம் 4.49 முதல் 4.52 வரை பல அளவில் வருகிறது. பேரலும் அச்சு அசலாக ஒரே அளவில் இருப்பதில்லை. ஏற்றும்போது விரலே சொல்லும்: தானாக உள்ளே விழுந்துவிடுகிற பெல்லட் தளர்வு, நகம் வலிக்கத் தள்ள வேண்டியது அதிக இறுக்கம். லேசான தடையோடு விளிம்பு சமமாக உட்கார்வதுதான் வேண்டும்.

வடிவத்தில் குழப்பமே வேண்டாம். பத்து மீட்டர் கார்டுக்குத் தட்டைத் தலை. ஓட்டை சுத்தமாக வெட்டி விழும், அளக்கச் சுலபம். 25 மீட்டருக்கு மேல் போனால் உருண்டைத் தலை. கூர்முனை பெல்லட் பார்க்கத்தான் வீரம். அந்த முனை நடுவில் இருக்கும்படி வார்ப்பது கஷ்டம், குரூப்பிங்கில் அதுதான் பெரும்பாலும் கடைசி.

எடையும் முக்கியம். ரைஃபிளுக்கான போட்டி பெல்லட் 0.53 கிராம் அளவில் வரும். நடுத்தர சக்தி ஸ்பிரிங் ரைஃபிளுக்கு 0.5 முதல் 0.55 கிராம் வரை உள்ளதில் தொடங்கலாம். ரொம்பக் கனமானது ஸ்பிரிங்குக்குச் சுமை. ரொம்ப லேசான அலாய் பெல்லட்டோ வேகக் கணக்கு காட்டத்தான். ஒலியின் வேகம் விநாடிக்குச் சுமார் 340 மீட்டர். அதை நெருங்கும் பெல்லட் தள்ளாட ஆரம்பிக்கும்.

உள்நாட்டுப் பெல்லட்டா, இறக்குமதியா? இறக்குமதி டப்பா விலை பல மடங்கு என்பது தெரிந்ததே. நான் சொல்வது: முதலில் உள்நாட்டுப் பெல்லட்டைப் பொறுக்கிப் பாருங்கள். வெளிச்சமான இடத்தில் ஒரு கண்ணாடித் துண்டை லேசாகச் சாய்த்து அதன்மேல் ஒவ்வொன்றாக உருட்டுங்கள். நல்ல பெல்லட் தலை சிறுத்து ஸ்கர்ட் (பின்பக்க விளிம்பு) அகன்றிருப்பதால் சீரான வளைவில் ஓடும். ஸ்கர்ட் நசுங்கியது தத்தித் தத்தி விழும். பஸ்ஸில் குலுங்கி வந்த டப்பாவில் இப்படி நசுங்கினது கணிசமாக இருக்கும். அவற்றை ஒதுக்கிவிட்டு மீதியைச் சுட்டாலே ஓடிப்போகிற ஐந்தாவது ஷாட் பல நேரம் வீடு திரும்பிவிடும். அதிலும் திருப்தி இல்லையென்றால் மட்டும் இறக்குமதியில் இரண்டு மூன்று ரகம் வாங்குங்கள். முழு டப்பா வேண்டாம், கிளப்பில் நாலு பேரிடம் கொஞ்சம் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சுட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு டப்பா. ரகம் மாற்றியதும் விழுகிற முதல் பத்துப் பதினைந்து ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். பேரல் பழைய ஈயத்தை விட்டுப் புதியதற்குப் பழகணும்.

பெல்லட் ஈயம்தான். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பஜ்ஜியில் கை வைக்க வேண்டாம்.

ரிப்பேர்: சின்னது சரி, பெரியது யோசித்து

சின்ன ரிப்பேர் மூன்று, மூன்றும் மலிவு. பேரலும் உடலும் சேரும் இடத்தில் ஒரு ஓ-ரிங் இருக்கும். அதன்மேல் மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை வைத்து, பெல்லட் ஏற்றிச் சுடுங்கள். பேப்பர் பறந்தால் காற்று ஒழுகுகிறது, ரிங்கை மாற்ற வேண்டும். இரண்டாவது, பேரலின் வாய். காது குடையும் பஞ்சுக் குச்சியை வாயின் உள்விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே இடத்தில் பஞ்சு நூல் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் அங்கே பிசிறு இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகிற இடம் அதுதான், அங்கே ஒரு பக்கம் தட்டினால் மொத்தமும் கோணல். தெரிந்த கன்ஸ்மித் ஒருவர் அதைச் சீக்கிரமே சீர்செய்துவிடுவார். மூன்றாவது, சுத்தம். தூண்டில் நரம்பை மடித்து வளையமாக்கி, அதில் ஒரு சின்னத் துணித்துண்டு மாட்டி, பின்பக்கமிருந்து வாய்ப்பக்கம் இழுங்கள். பித்தளை பிரஷ் வேண்டாம்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. தையல் மெஷின் எண்ணெய், சில வீடுகளில் தேங்காய் எண்ணெய்கூட, காற்றுத் துளையில் ஊற்றுகிறார்கள். பிஸ்டன் அழுத்தும்போது உள்ளே வரும் சூட்டில் அது பற்றி எரியும். வெடிச்சத்தம், நீலப் புகை, கருகின வாடை. சிலருக்கு அது பவர் ஏறினது போலத் தோன்றும். ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு வேகம், சீலுக்கும் கேடு. புது ரைஃபிளில் ஆரம்பத்தில் கொஞ்சம் புகைவது சகஜம், போகப்போக நின்றுவிடும். பழைய ரைஃபிள் புகைந்தால் யாரோ ஊற்றியிருக்கிறார்கள்.

பெரிய ரிப்பேர் என்பது பிஸ்டன் சீலும் ஸ்பிரிங்கும். வேகம் நன்றாகக் குறைந்து, சத்தம் மந்தமாகி, ஏற்றும்போது கரகரவென்று உரசினால் அதற்கு நேரம் வந்துவிட்டது. பெல்லட் இல்லாமல் சும்மா தட்டிப் பழகியவர்களின் ரைஃபிளுக்கு இது சீக்கிரம் வரும். பெல்லட் தடுத்து நிறுத்தும் காற்றுதான் பிஸ்டனுக்கு மெத்தை, அது இல்லாமல் பிஸ்டன் நேராகப் போய் இடிக்கிறது. இதை வீட்டில் கழற்ற வேண்டாம். உள்ளே ஸ்பிரிங் அழுத்தத்தில் உட்கார்ந்திருக்கும், ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் கருவி இல்லாமல் பின்பக்கத்தைத் திறந்தால் முகத்துக்கு நேரே வரும்.

ஒரிஜினல் ஸ்பிரிங்கையே போடுவது நியாயமான செலவு. "கொஞ்சம் ஹெவி ஸ்பிரிங் போட்டுத் தர்றேன்" என்பவரிடம் ரைஃபிளைக் கொடுக்காமல் திரும்பி வாருங்கள். ஒலிம்பிக்கில் சுடுகிற போட்டி ரைஃபிளே பெல்லட்டை விநாடிக்கு 170, 175 மீட்டர் வேகத்தில்தான் அனுப்புகிறது, சக்தி 8 ஜூல் பக்கம். துல்லியத்துக்கு அது போதும். 0.53 கிராம் பெல்லட் 275 மீட்டர் வேகத்தைத் தொட்டாலே 20 ஜூல் ஆகிவிடும். அதைத் தாண்டினால் கையில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். உதையும் கூடும், குரூப்பும் விரியும். இந்த ஒப்பீட்டில் காசு கொடுத்து நிலைமையை மோசமாக்கும் ஒரே வழி இதுதான்.

ஸ்கோப்

ஸ்கோப் குரூப்பைச் சுருக்காது. குறியை நன்றாகக் காட்டும், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டி, முன் சைட்டும் பின் சைட்டும் ஒன்றாகத் தெளிவாகத் தெரியாமல் தவிக்கிறவருக்கு அது பெரிய உதவி, மறுக்கவில்லை. மற்றவர்களுக்கு இது பிரச்சினையைப் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி.

வாங்கியே தீருவது என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். முன்னும் பின்னும் இழுக்கும் அந்த இரட்டை உதையைத் தாங்கும்படி ஏர்கன்னுக்கென்றே செய்ததாக இருக்க வேண்டும். மவுன்ட்டும் பின்னால் நகராதபடி தடுப்பு ஊசி உள்ளதாக இருக்க வேண்டும். அடுத்தது பேரலக்ஸ், அதாவது ஸ்கோப் எந்தத் தூரத்துக்குச் சரிசெய்யப்பட்டது என்பது. மலிவு 4x32 ஸ்கோப் பெரும்பாலும் 100 கஜ தூரத்துக்கு அமைத்தது. பத்து மீட்டரில் கார்டு மங்கும், தலையைக் கொஞ்சம் நகர்த்தினால் குறுக்குக் கோடும் குறிமேல் நகரும். முன்பக்க வளையத்தைத் திருப்பிப் பத்து மீட்டருக்குக் கொண்டுவரக்கூடிய ஸ்கோப்தான் இங்கே உதவும். ஒரு கிளிக் கால் நிமிடக் கோணம் (ஒரு டிகிரியில் 60 நிமிடம்) என்றால் பத்து மீட்டரில் அது நகர்த்துவது 0.7 மி.மீ. மட்டுமே. இரண்டு கிளிக் திருப்பிவிட்டு வித்தியாசம் தெரியவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

ஏற்கெனவே ஸ்கோப் இருந்து குரூப் விரிந்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு ரைஃபிளோடு வந்த சாதாரண சைட்டில் ஒரு கார்டு சுடுங்கள். சுருங்கினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். இன்னொன்று: சர்வதேச விதிப்படி நடக்கும் 10 மீட்டர் போட்டியில் ஸ்கோப்புக்கு இடமில்லை. அந்தப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் ஸ்கோப் காசைப் பெல்லட்டில் போடுங்கள்.

புது ரைஃபிள்

மேலே சொன்னதெல்லாம் செய்தபின் நல்ல ஸ்பிரிங் ரைஃபிள் ஒன்று, மேசையில் வைத்துச் சுடும்போது பத்து மீட்டரில் 10, 12 மி.மீ. குரூப் கொடுத்தால் அது தன் வேலையைச் செய்கிறது. அதற்கு மேல் அதனிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. இது போதுமா என்பது நீங்கள் எதைச் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

போட்டிக் கார்டில் பத்து என்பது 0.5 மி.மீ. புள்ளி, ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 5.5 மி.மீ. பெல்லட்டின் ஓரம் தொட்டாலே கணக்கு என்பதால், பத்து வாங்க பெல்லட்டின் மையம் நடுவிலிருந்து 2.5 மி.மீ.க்குள் இருக்கணும், ஒன்பதுக்கு 5 மி.மீ. மேசையிலேயே 12 மி.மீ. விரியும் ரைஃபிளில், ஆள் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இடையிடையே எட்டு விழத்தான் செய்யும். போட்டி ரைஃபிள் பெட்டியோடு வரும் சோதனைக் கார்டில் ஐந்து ஷாட்டும் ஒரே ஓட்டையாகத் தெரியும். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் மாதிரியானவர்கள் சுடுவது அந்த ரகத்தில்தான். அழுத்தக் காற்று சிலிண்டர், உதை கிட்டத்தட்ட இல்லை, சின்ன ஓட்டை வழியாகக் குறிபார்க்கும் பீப் சைட்.

வீட்டு மாடியிலோ தோட்டத்திலோ தகரப் பெட்டிமுன் கார்டு மாட்டி மாலை நேரம் போக்குகிறவருக்கு இது தேவையில்லை. பழைய ரைஃபிளில் ஸ்குரூவும் பெல்லட்டும் பார்த்தால் போதும், அதிகம் போனால் சீல். பத்து மீட்டருக்கு மேல், 20, 25 மீட்டர் வரை சுட ஆசைப்படுகிறவர் உள்நாட்டில் தயாராகும் பிசிபியைப் பார்க்கலாம். ஆனால் ரைஃபிள் விலையோடு பம்ப்பின் விலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 பார் அழுத்தம் வரை கையால் அடிப்பது நல்ல உடற்பயிற்சி. சென்னை, தூத்துக்குடி மாதிரிக் கடற்கரை ஊர்களில் காற்றின் ஈரம் பம்ப் வழியாகச் சிலிண்டருக்குள் போகும், ஈரம் உறிஞ்சும் ஃபில்டரை அடிக்கடி மாற்றணும். ஸ்பிரிங் ரைஃபிளுக்கு ஒரு சீல் என்றால் இதற்குப் பல ஓ-ரிங்.

மாவட்ட, மாநிலப் போட்டி கனவோடு இருக்கும் பள்ளி மாணவருக்கு என் பதில் வேறு. ஸ்பிரிங் ரைஃபிளைச் சரிசெய்வதிலும் செலவு வேண்டாம், உடனே போட்டி ரைஃபிளும் வேண்டாம். கிளப்பில் இருக்கும் போட்டி ரைஃபிளை நேரத்துக்கு வாடகை கொடுத்துச் சுடட்டும். ஸ்கோர் நிலைபெற்று, கோச் அளவெடுத்துச் சொன்னபிறகு வாங்கலாம். வளரும் வயதில் கை நீளமும் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். பழையது வாங்குவதாக இருந்தால் பேரலைப் பார்ப்பதற்கு முன் சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியைப் பாருங்கள். தயாரிப்பாளர்கள் பலர் அதற்குப் பத்து வருடம்தான் ஆயுள் சொல்கிறார்கள். அது தாண்டியிருந்தால் புது சிலிண்டரின் விலையைக் கேட்டுக்கொண்டு, அதைக் கழித்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.